புறப்பட வேண்டாம் என்று ஒரு தந்தி

சித்தூர் தாலூக்கு, ஆலத்துக்காடு
ராட்சச வருடம், வைகாசி 26

அன்பு மகள் மரகதத்துக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் கொட்டகையில் எருமையும் அது போன வாரம் ஈன்ற கிடாரிக் கன்றும் சுகம். அங்கே நீயும் உன் அறைத் தோழிகளும் மாரியாத்தாள் கண்பார்வையில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் என்பதைக் கை தானாக எழுதிவிடும். இந்தத் தடவை அப்படி இல்லை, அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவர் சாப்பிட்டு வைத்த தட்டையும் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், நம்பிப் படி.

இந்தக் கடிதத்துக்கு முன்பே அப்பா பெயரில் ஒரு தந்தி உனக்கு வந்திருக்கும். அப்பா சுகம், புறப்பட வேண்டாம் என்று அதில் இருந்திருக்கும். அதைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா ஒரு வார்த்தை வா என்று எழுதினால் டாக்டர் படிப்பை இந்த வருடத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்தாய், அதற்கு அவர் கோபத்தில் வராதே என்கிறார் என்று நினைத்து அழுதிருப்பாய். அது கோபம் இல்லை கண்ணு. அப்பாவுக்கு என்ன வந்து எப்படிச் சுகமானது என்பதும் உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும். வார்டுக்கு ஓடும் அவசரத்தில் படிக்காதே, சோறு உண்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் அந்தப் பழைய தந்தி. அம்மா சீரியஸ், உடனே புறப்படு என்று வந்ததை நம்பி, காலரா வார்டிலிருந்து கட்டிய சேலையோடு கிளம்பி, இட்டார்சியில் வண்டி மாறி, மூன்று நாள் அழுதுகொண்டே வந்தாய். வந்து பார்த்தால் நான் கிணற்றடியில் உட்கார்ந்து குடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கட்டிப் பிடித்து அழுது முடித்த கையோடு நாடி பிடித்துப் பார்த்தாயே, எனக்கு அப்போது சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்தத் தந்தியை அடித்தது அப்பா என்பது உனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஏன் அந்த நாளாகப் பார்த்து அடித்தார் என்பது உனக்குத் தெரியாது, நீ போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நம் ஊர் மாரியாத்தாள் கோயில் நோம்பிக்குப் பூச்சாட்டி நாள் குறித்தாயிற்று, கம்பம் நட இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்கிற கணக்கில் சித்தூருக்குப் போய் அடித்திருக்கிறார். நீ ரயிலேறி, கோயம்புத்தூரில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்குள் கால் வைத்த அன்று பொழுதோடு கம்பம் நட்டார்கள். கோயில் முன்னால் அந்த வேப்பங்கவட்டையைக் கம்பமாக நட்டுவிட்டால், அந்த நேரம் ஊருக்குள் இருந்த யாராக இருந்தாலும், அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடும் வரைக்கும் பகலில் எங்கே போய் வந்தாலும் இருட்டினால் ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். மகளோடு வாதாடினால் ஜெயிக்க முடியாது, மாரியாத்தாளை விட்டுக் கட்டிப் போட்டால் மகளால் பேச முடியாது என்று உன் அப்பா போட்ட திட்டம் அது. அதற்காகக் கல்லுக்குண்டு போல இருக்கிற என்னைச் சாகக் கிடத்திவிட்டார். கேட்டதற்கு, 'உனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே, அப்பறம் என்ன' என்கிறார்.

அவரைத் திட்டித் தீர்த்தது போக மிச்சம் இருப்பதையும் சொல்ல வேண்டும். காலரா கடல் தாண்டி எத்தனையோ தேசத்தில் சுற்றுகிறது என்று ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. வடக்கே எங்கேயோ ஒரு ஹாஸ்டலில் படிக்கிற பிள்ளை ஒன்று போய்விட்டது என்று கொழிஞ்சாம்பாறையில் யாரோ பேசியதைக் கேட்டு வந்து, அன்று சாப்பிடவே இல்லை. அது உன் ஊரா வேறு ஊரா என்றுகூடக் கேட்டு வரவில்லை. பயந்த மனுஷனுக்குப் புத்தி எந்த வழியில் போகும் என்று சொல்ல முடியாது.

நீ இருந்த அந்த இரண்டு நாளும் வீட்டில் நடந்த சண்டை எனக்கு மறக்காது. பாடம் நடக்கிற பெரிய ஹாலில் கட்டில் போட்டுவிட்டார்கள், பிரசவ வார்டில் நிற்க வேண்டிய மாதமும் ஆபரேஷன் பார்க்க வேண்டிய மாதமும் காலரா வார்டிலேயே கழிகின்றன, பேராசிரியர்கள் நடந்துகொண்டே சொல்வதுதான் பாடம், பரீட்சை எப்போது என்று பிரின்சிபாலுக்கே தெரியாது என்றெல்லாம் நீ சொன்னாய். வார்டில் நின்றால் அதையே வருகையாக எடுத்துக்கொள்வார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டால் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும் என்றும் சொன்னாய். அப்பா உடனே, 'பாடமே இல்லாத காலேசுக்கு எதுக்குப் போகோணும், நோம்பி முடிஞ்சு போ' என்று பிடித்துக்கொண்டார். நோம்பி முடிந்து போனால் கெடு தாண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நீ பெட்டியை எடுத்தபோது, 'எங்கண்ணுல படாமப் போகச் சொல்லு' என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த நான் நேராகக் கோயிலுக்குப் போனேன். கம்பத்துக்குத் தினமும் பெண்கள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம்தானே, நான் இரண்டு குடம் ஊற்றினேன். ஒன்று எனக்கு, ஒன்று ஊரில் இல்லாத என் மகளுக்கு. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீ போன மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பொதுக்கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். நீயும் அதைத்தான் செய்யச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டுப் போயிருந்தாய். ஆனால் அங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கெட்டார்கள். கோயில் காரியம் பார்க்கிற உன் பெரியப்பா கருப்புசாமி ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, 'மருந்து நாத்தம் அடிக்கற தண்ணிய ஆத்தாளுக்கு ஊத்தறதா' என்றார். உடனே எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனார்கள். ஏரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, நடுவில் தோண்டிய ஊற்றுக்குழி ஒன்று, அதைச் சுற்றி மாடு நிற்கிறது, ஊரே அந்தப் பக்கம்தான் காலையில் ஒதுங்குகிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் இளநீர் மாதிரி இருக்கும். அதைத்தான் கம்பத்துக்கு ஊற்றினார்கள், அடியில் தேங்கியதைத் தீர்த்தம் என்று கையில் ஏந்திக் குடித்தார்கள், பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். நான் மட்டும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன், அதற்கு என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். உன் அப்பா உன்மேல் இருந்த கோபத்தில் வீட்டுக்குக் குடிக்கவும் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து தனியாகத் தவலையில் வைத்துக்கொண்டார். நான் காய்ச்சி வைத்ததைத் தொடவில்லை. மகள் சொன்ன தண்ணீரைக் குடித்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடுமாம்.

ஒரு வாரத்துக்குள் வடக்கு வீட்டுப் பூவாத்தாளின் மாமியாருக்கு வாந்திபேதி கண்டது. வயசானவள், பொழுது விடிவதற்குள் போய்விட்டாள். அடுத்து பூவாத்தாளே படுத்தாள். நீ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு சொம்புக்கு மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கை சர்க்கரை, குடித்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்றாய். ருசி பார்க்க எனக்கு அன்று கண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. வாந்தி எடுத்தாலும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தேன், இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா. கம்பம் இருக்கும்போது சென்னியப்பன் மகள் எல்லை தாண்டிப் போனாள், அதனால்தான் ஆத்தாள் சீறிவிட்டாள் என்று ஆரம்பித்தார்கள். உன் பெரியப்பா நேரே வீட்டுக்கு வந்து, 'அம்மிணிய வரச் சொல்லி எழுதப்பா, கம்பம் புடுங்கறதுக்குள்ள வந்து ஆத்தாகிட்டப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுப் போட்டுப் போகட்டும்' என்றார். வந்தால் உன் படிப்பு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். எழுதி விடுவார் என்றே நினைத்தேன், அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

எழுதுவதற்குள் அவரே விழுந்துவிட்டார். காலையில் தோட்டத்துக்குப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார், தூக்கி வரும்போது கண் குழிக்குள் போய்விட்டது, குரல் எழவில்லை, விரல் எல்லாம் துணி துவைத்தவள் கை மாதிரி சுருங்கிப்போயிருந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே நிற்கவில்லை. ஆசுபத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். 'கம்பம் இருக்கறப்ப ஒரு ராத்திரி வெளியூர்ல படுத்தா வமுசத்துக்கு ஆகாதுபுள்ள' என்று முனகுகிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். 'எம்மக தாண்டிப் போயி நல்லாத்தானுங்க இருக்கறா, தாண்டாத நீங்கதான் இங்க கெடக்கறீங்க, எந்திரிங்க' என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த நேரம் ஊர் வழியாகப் போனது காளிச்சாமி ஓட்டுகிற கள்ளு வண்டி ஒன்றுதான். வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுஷனைக் கள்ளுப் பீப்பாய்களுக்கு நடுவில் படுக்க வைத்துச் சித்தூருக்குக் கொண்டுபோனோம். காலைப் பிடித்து ஏற்றிவிட்டது யார் தெரியுமா, உன் பெரியப்பாதான். எல்லையைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை, அழுதுகொண்டிருந்தார்.

சித்தூர் ஆசுபத்திரி முழுக்க உன் வயசுப் பிள்ளைகள். இங்கே கேரளத்திலும் ஒரு மருத்துவக் கல்லூரியில் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பிரித்துத் தாலூக்கு தாலூக்காக அனுப்பியிருக்கிறார்களாம். அப்பாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை, கை இரண்டும் வற்றிப்போய்க் கிடந்தது. ஒல்லியாக ஒரு பெண் வந்து உட்கார்ந்து, பேசாமல் தடவித் தடவிப் பார்த்து, மூன்றாவது தடவை ஊசியை ஏற்றிவிட்டாள். பாட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட, காய்ந்த செடிக்கு நீர் பாய்ந்த மாதிரி முகம் திரும்பியது, அதை நான் உட்கார்ந்து பார்த்தேன். அவள் பெயர் பூமாரி. ஏலப்பாறையில் தேயிலைப் பாக்டரியில் வேலை பார்க்கிற சங்கையா என்பவர் மகள். உன்னைப்போலவே நாலாவது வருடம். அப்பாவுக்குக் கீழே பேதிக்கு வட்டில் வைத்து எடுப்பதும் அவள்தான். பொம்பளைப் பிள்ளை முன்னால் இப்படிக் கிடக்கிறோமே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். 'வெக்கப்படாதீக பெரியப்பா, நான் பாத்துப் படிக்க வேண்டியதே அதைத்தான்' என்று சொல்லிவிட்டு வட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

காலையில் பெரிய டாக்டர் வருவார், பின்னால் பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொரு கட்டிலாக நின்று கேள்வி கேட்பார். உன் அப்பா வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டு, அது எவ்வளவு மெதுவாகத் திரும்பிப் போகிறது பார் என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் வந்து கிள்ளிப் பார்த்தது. முதல் நாள் உன் அப்பாவுக்கு மானம் போயிற்று. தேறியதும் ஆளே மாறிவிட்டார். புதிதாக ஒரு கூட்டம் வந்தால் அவரே சட்டையைத் தூக்கிக் காட்டி, 'இங்க கிள்ளிப் பாருங்க கண்ணு, முந்தாநேத்து இது அப்படியே நின்னுது, இப்பப் பாருங்க, வெசையாப் போவுது' என்று பாடம் நடத்துகிறார். என்னிடம், 'காலேசுல பாடம் இல்லைன்னு சொன்னாளே, எம்பட வயித்து மேலயே நடக்குது பாரு' என்றார். பூமாரியிடம் இன்னும் என்னென்ன படிக்காமல் விட்டுப்போயிற்று என்று கேட்டார். பிரசவம் ஒன்றுகூடப் பார்க்கவில்லை, நீ எழுதின மாதிரியே, காலரா மட்டும் தெரிந்த டாக்டராகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். உடனே உன் அப்பா, 'எங்கூட்டு எருமை சினையா இருக்குது, வாங்க, பாத்துக்கலாம்' என்கிறார். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அத்தனை நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

உன் கடிதம் வந்ததை வடக்கு வீட்டுப் பூவாத்தாள் காளிச்சாமி வண்டியில் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆசுபத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துதான் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்தக் காலராவைத் தவிர வேறொன்றும் கற்கவில்லை, பரீட்சையும் இல்லை, அப்பாவையும் பகைத்துக்கொண்டேன், அவர் ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்த இடம் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். சரி, இவர் ஆசைப்பட்டது கையில் கிடைத்துவிட்டது, வரச் சொல்லிவிடுவார், உன் படிப்பு இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அந்த நேரம் பாட்டில் மாற்ற வந்த பூமாரியிடம், 'சோறு உண்டியா கண்ணு' என்றார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கேட்பார். இன்னும் இல்லை என்றாள். உங்கள் வீட்டில் உன்னை வரச் சொல்லவில்லையா என்று கேட்டார். 'எங்கய்யா ரெண்டு காயிதம் போட்டாக பெரியப்பா, படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வந்துரு தாயின்னு. நான் போயிட்டா இந்த வார்டுல யாரு பாட்டில் மாத்துறது' என்றாள். உன் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 'உங்கய்யன் தந்தியே அடிச்சாலும் போயிறாத சாமி. அப்பனுக பயத்துல என்ன வேணாலும் எழுதுவோம். அம்மா சீரியஸ்னு வந்தாக்கூட, நல்லா விசாரிச்சுப் போட்டு அப்பறமாப் போ' என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, சரி பெரியப்பா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாங்கள் ஊருக்குத் திரும்பியது கம்பம் பிடுங்கும் நாள் அன்று. நான் இல்லாத நாளெல்லாம் பூவாத்தாள் எழுந்து நடக்கத் தெம்பில்லாமலும் தினம் போய் மூன்று குடம் ஊற்றியிருக்கிறாள், உனக்கு, எனக்கு, அப்பாவுக்கு என்று. எல்லாம் பொதுக்கிணற்றுத் தண்ணீர். இப்போது ஊரே அதைத்தான் குடிக்கிறது, மூக்கைப் பொத்தியவர்கள்தான் பவுடர் போதுமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்கிறார்கள். எல்லோரும் கூடியிருந்தபோது யாரோ உன் பேச்சை எடுத்தார்கள், எல்லை தாண்டியவளுக்கு என்ன முறை என்று. உன் அப்பா கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து, 'எம்மக ஊருக்கு வெளிய படுத்தா, நானுந்தான் படுத்து வந்திருக்கறேன். அவ நோவு பாக்கப் போனா, நான் நோவு வந்து போனேன். தண்டம் போடறதுன்னா மொதல்ல எனக்குப் போடுங்க' என்றார். பெரியப்பாதான் எழுந்து வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசி, உனக்கென்று ஒரு பொட்டலமும் மடித்துக் கொடுத்தார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பூசிக்கொள். பெரியப்பா மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே.

தந்தியைச் சொல்ல வந்தவள் எங்கெங்கேயோ போய்விட்டேன். ஆசுபத்திரியில் அனுப்பி வைத்த அன்று, நிற்கவே தெம்பு இல்லாத மனுஷன், வீட்டுக்கு வண்டி ஏறாமல் தபாலாபீசுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். முந்தைய தந்தியை வாங்கியவரே இருந்தார், அப்பாவை அடையாளம் தெரிந்துகொண்டு, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தந்தி எழுதச் சொன்னார். ஒன்று உனக்கு, ஒன்று ஏலப்பாறைக்கு, சங்கையா பேருக்கு, உங்கள் மகள் சுகம், எங்கள் உயிரைக் காப்பாற்றினாள், கூப்பிட வேண்டாம் என்று. தபாலாபீசுக்காரர் இரண்டையும் படித்துவிட்டு, சித்தூரில் தந்தி என்றாலே யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமே, இதில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். 'ஒண்ணும் ஆகலீங்க. அதைச் சொல்றதுக்குத்தானுங்க தந்தி' என்றார் உன் அப்பா.

அவ்வளவுதான் கண்ணு. இனி நீ கவலைப்பட வேண்டியது எதுவும் இங்கே இல்லை. பிரசவமும் ஆபரேஷனும் எங்கேயும் ஓடிப்போகாது, ஜனங்கள் பிள்ளை பெறுவதை நிறுத்தப் போவதில்லை, ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள். பரீட்சை எப்போது வைத்தாலும் எழுது. பேராசிரியர் நடந்துகொண்டே சொன்னால் நீயும் கூடவே நடந்து கேள். கட்டிலில் கிடப்பவர்கள் யாராவது வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர்களோடு கொஞ்சம் பேச்சுக் கொடு, உன் அப்பா மாதிரி ஆள்கள் அங்கேயும் இருப்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டு. காலரா ஊசி போட்டுக்கொண்டு மாதக்கணக்கானால் மறுபடி போட்டுக்கொள். வெயிலுக்கு மோர் வேண்டும் என்று வெளியே வாங்கிக் குடிக்காதே, கடைக்காரன் எந்தத் தண்ணீர் ஊற்றுவானோ. தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே. பொடியும் கொஞ்சம் முறுக்கும் பார்சல் போட்டிருக்கிறேன், அறையில் எல்லோருக்கும் கொடு.

மாரியாத்தாள் உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் கை பட்ட உடம்பெல்லாம் தேறட்டும், உனக்கு ஆயுசு நூறு. இனிமேல் என் பெயரைச் சொல்லி எந்தத் தந்தி வந்தாலும் நம்பாதே, எனக்கு ஏதாவது என்றால் நானே எழுதுவேன். கடிதத்தை ஒட்டப் போகும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்று, இன்னும் ஒன்று எழுது என்றார். நீ பரீட்சை எல்லாம் முடித்து டாக்டரான வருடம், நோம்பிக்குக் கம்பம் நடும் முன்பே ஊருக்கு வந்துவிட வேண்டுமாம். அப்போது நடுவார்களாம், அதன் பிறகு பிடுங்கும் வரைக்கும் நீ எங்கேயும் போக முடியாதாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. ராமாத்தாள்